புல்தரையையும் தோட்டத்தையும் அரிக்கும் வேர்ப்புழு: மதுரை வட்டாரத்துக்கான கேள்வி-பதில்

மதுரையில் ஒரு புல்தரையைப் பச்சையாக வைத்திருப்பது எவ்வளவு பாடு என்று வளர்த்தவர்களுக்குத் தெரியும். பங்குனி வெயிலையும் ஆடிக் காற்றையும் தாண்டி வந்த புல், ஆவணி, புரட்டாசியில் காரணம் தெரியாமல் திட்டுத்திட்டாகக் காயும்போது மனம் ஒடிந்துபோகும். பல வீடுகளில் அதற்குக் காரணம் மண்ணுக்குள் இருக்கும் வேர்ப்புழு. ரசாயன மருந்து இல்லாமலே இதை அடக்கலாம். ஆனால் எந்த வழியும் எந்த மாதத்திலும் பலிக்கும் என்று நினைத்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும். அதனால் இந்தப் பதில்களில் மாதக் கணக்கு திரும்பத் திரும்ப வரும்.

வேர்ப்புழு என்பது எது? பார்த்தவுடன் எப்படி அடையாளம் காண்பது?

வண்டுகள் மண்ணுக்குள் இடும் முட்டையிலிருந்து வரும் புழு இது. வெள்ளை வேர்ப்புழு என்றும் சொல்வார்கள். பால் வெள்ளை உடல், செம்பழுப்புத் தலை, தலையை ஒட்டி மூன்று ஜோடிக் கால்கள். மண்வெட்டியால் கிளறி வெளியே எடுத்துப் போட்டால் உடனே அரைவட்டமாகச் சுருண்டு அசையாமல் படுத்துக்கொள்ளும். வால் பக்கம் சற்றுப் பருத்திருக்கும். அது தின்ற மண், தோலுக்கு உள்ளிருந்து சாம்பல் நிறத்தில் தெரியும். முழுதாக வளர்ந்தது சுண்டுவிரல் நீளத்துக்கு வரும். தமிழ்நாட்டில் கரும்பு, நிலக்கடலை விவசாயிகளுக்கு இது பழைய எதிரி. வயலில் சேதம் செய்யும் ஹோலோட்ரைக்கியா என்ற வண்டினம்தான் வீட்டுத் தோட்டங்களுக்கும் வருகிறது.

என் புல்தரை மஞ்சளாகிறது. வேர்ப்புழுதான் என்று எப்படி உறுதி செய்வது?

மஞ்சளானாலே புழு என்று முடிவு கட்டிவிடாதீர்கள். மதுரையில் பல பகுதிகளில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் உப்பு அதிகம். அதுவே புல்லின் நுனியைக் கருக்கிவிடும். நாய் சிறுநீர் கழித்த இடம், பூஞ்சாண நோய், கரையான் என்று வேறு காரணங்களும் உண்டு.

சந்தேகத்தைத் தீர்க்கக் கைதான் போதும். காய்ந்த திட்டின் ஓரத்தில், பச்சையும் மஞ்சளும் சந்திக்கும் இடத்தில், புல்லைக் கொத்தாகப் பிடித்து இழுங்கள். வேர்ப்புழு தின்ற இடமானால் பாயைச் சுருட்டுவது போல் புல் அப்படியே கழன்று வரும், அடியில் வேர் இருக்காது. பிறகு அந்த ஓரத்தில் ஓர் அடிக்கு ஓர் அடி சதுரமாக, மூன்று நான்கு அங்குல ஆழம் வெட்டி மண்ணைச் சாக்கில் கொட்டிக் கையால் உதிர்த்துப் பாருங்கள். திட்டின் நடுவில் தோண்டினால் ஒன்றும் கிடைக்காமல் போகலாம். அங்கே தின்ன வேர் இல்லாததால் புழு ஓரத்துக்கு நகர்ந்திருக்கும். இது தெரியாமல் நடுவில் மட்டும் தோண்டிவிட்டுப் புழு இல்லை என்று விட்டுவிடுகிறவர்கள் உண்டு.

எத்தனை புழு இருந்தால் கவலைப்பட வேண்டும்?

ஒரு சதுர அடியில் ஒன்றிரண்டு இருந்தால் நன்றாக வேர்விட்ட புல் தாங்கிக்கொள்ளும். ஐந்துக்கு மேல் என்றால் நடவடிக்கை எடுங்கள். காய்கறிப் பாத்தி வேறு கணக்கு. இளம் கத்தரி, மிளகாய் நாற்றுக்கு ஒரு புழுவே எமன்.

எருக்குழியில் கட்டைவிரல் தடிமனுக்குப் புழு நெளிகிறது. அதுவும் இதுதானா?

பெரும்பாலும் அது காண்டாமிருக வண்டின் புழு. மக்கும் குப்பையையும் சாணத்தையும் தின்று வளரும், உயிருள்ள வேரைத் தொடாது. ஆனால் வளர்ந்து வண்டானதும் தென்னையின் குருத்தைத் துளைக்கும். விரிந்த மட்டையில் கத்தரியால் வெட்டியது போன்ற முக்கோண வெட்டுகள் தெரிந்தால் அதன் வேலைதான். சோழவந்தான் பக்கத்துத் தென்னந்தோப்புக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வீட்டில் ஒரு தென்னை நின்றாலும் எருக்குழியைக் கிளறி இந்தப் புழுக்களைப் பொறுக்கி அழித்துவிடுங்கள். 1 கிலோ ஆமணக்குப் புண்ணாக்கை 5 லிட்டர் தண்ணீரில் கரைத்துச் சிறு மண்பானைகளில் ஊற்றித் தென்னை அருகில் வைத்தால் வண்டுகள் வாடைக்கு வந்து விழும்.

இன்னொரு வகைப் புழுவும் மக்கு உரத்தில் கிடைக்கும். தரையில் விட்டால் காலால் நடக்காமல் மல்லாந்து முதுகால் ஊர்ந்து போகும். பூவண்டின் புழு அது. குப்பையை மக்க வைக்க உதவுகிறது. அதை எருக்குழியிலேயே விட்டுவிடுங்கள்.

வேர்ப்புழு எந்தக் காலத்தில் வருகிறது?

இந்தப் பக்கத்தின் முக்கியமான கேள்வி இதுதான், பதிலும் அதனால் நீளம்.

அழகர் ஆற்றில் இறங்கும் சித்திரை மாதத்தை ஒட்டி மதுரையில் கோடை மழை பெய்யும். ஒரு நல்ல மழை மண்ணை நனைத்ததும், அதுவரை மண்ணுக்குள் அசைவற்றுக் கிடந்த தாய் வண்டுகள் மாலை மங்கும் நேரத்தில் வெளியே வரும். பழுப்பு நிறம், கால்படி அரிசியில் கலந்தாலும் தனியே தெரியும் பருமன். மரங்களில் ஏறி இலை தின்று, இணை சேர்ந்து, விடியும் முன் மண்ணுக்குள் திரும்பிவிடும். சில நாட்களில் ஈரமான மண்ணில் முட்டையிடும். முட்டை பொரிய ஏறத்தாழ பத்து நாள்.

சின்னப் புழுக்கள் முதலில் மக்கிய பொருளையும் மெல்லிய வேர்களையும் தின்னும். ஜூன், ஜூலையில் அவை இருப்பதே தெரியாது. ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை, இரண்டு முறை தோலுரித்து வளர்ந்த மூன்றாம் பருவப் புழு பெரும்பசியோடு தின்னும்போதுதான் புல் காய்வது நம் கண்ணில் படுகிறது. அதன் பிறகு வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் ஆழத்துக்குப் போய்க் கூட்டுப்புழுவாகி, வண்டாகி, அடுத்த கோடை மழை வரை மண்ணுக்குள்ளேயே காத்திருக்கும். ஆண்டுக்கு ஒரே தலைமுறைதான். மழை முந்தினால் இந்தக் கணக்கும் முந்தும், பிந்தினால் பிந்தும்.

ஆண்டுக்கு ஒரே தலைமுறை என்பது நமக்குச் சாதகம். மே மாதத்தில் முட்டையிடும் முன் பிடிபடும் ஒரு தாய் வண்டு, செப்டம்பரில் தோண்டித் தேட வேண்டிய பல புழுக்களுக்குச் சமம். புல் மஞ்சளான பிறகு செய்யும் எந்த வைத்தியமும் இதில் பாதிப் பலன்கூடத் தராது.

எங்கள் வாசலில் பெரிய வேப்பமரம் நிற்கிறது. அப்படியிருந்தும் புழு எப்படி வந்தது?

வேப்பமரம் நிற்பதாலேயே வந்திருக்கலாம். கேட்கப் புதுமையாக இருக்கும். ஆனால் இந்த வண்டுகள் விரும்பித் தின்னும் இலைகளில் வேப்பிலைக்கு முதலிடம் உண்டு. முருங்கை, வேலமரம், இலந்தை ஆகியவற்றையும் தின்னும். கோடை மழைக்குப் பிறகு வேப்பங்கிளையின் நுனிகளை அண்ணாந்து பாருங்கள். இலை ஓரங்கள் கடிபட்டு, சில ஈர்க்குகளில் நடு நரம்பு மட்டும் மிஞ்சியிருந்தால் இரவில் விருந்து நடக்கிறது என்று அர்த்தம். அதற்காக மரத்தை வெட்டிவிடாதீர்கள். வண்டுகள் எங்கே கூடும் என்பதை மரமே காட்டிக்கொடுக்கிறது.

புல்தரையில் வேப்பிலையைப் பரப்பினால் புழு ஓடிவிடும் என்ற நம்பிக்கையையும் இதோடு விட்டுவிடலாம்.

தாய் வண்டை எப்படிப் பிடிப்பது?

முதல் நல்ல மழை பெய்த அன்றே தொடங்கி, தொடர்ந்து பத்துப் பதினைந்து நாட்கள் இதற்கு ஒதுக்குங்கள். இரவு ஏழரை மணிக்கு மேல் வேப்பமரம் அல்லது முருங்கையின் அடியில் பழைய வேட்டியையோ தார்ப்பாயையோ விரியுங்கள். தாழ்ந்த கிளைகளை நீண்ட தொரட்டியால் பிடித்து உலுக்குங்கள். வண்டுகள் பொத்துப் பொத்தென்று விழும். விழுந்தவுடன் சற்று நேரம் அசையாமல் கிடக்கும், அதற்குள் பொறுக்கி சோப்புத் தண்ணீர் வாளியில் போட்டுவிட வேண்டும். பிள்ளைகளுக்கு இந்த வேலை மிகவும் பிடிக்கும். வண்டுக்கு விஷம் இல்லை.

உயரமான மரமாக இருந்தால் விளக்குப்பொறி வையுங்கள். ஒரு அகலமான பாத்திரத்தில் தண்ணீர் நிரப்பிச் சிறிது சோப்புக் கரைசல் விட்டு, அதற்கு ஓரடி உயரத்தில் பல்பைத் தொங்கவிட்டால் போதும். இரவு ஏழு மணியிலிருந்து பத்து மணி வரை எரிந்தால் போதுமானது. விடிய விடிய எரியவிட்டால் நன்மை செய்யும் பூச்சிகளும் வீணாக மடியும். பொறியைப் புல்தரையின் நடுவில் வைக்காமல் சிமெண்ட் தளத்திலோ தெருப்பக்கமோ வையுங்கள். வெளிச்சத்துக்கு வந்து தப்பிக்கிற வண்டு பக்கத்து மண்ணில்தான் இறங்கும். இதே காரணத்துக்காக அந்த இரண்டு வாரமும் புல்தரையை ஒட்டிய வெளி விளக்குகளை அணைத்து வையுங்கள்.

ஒரு வீடு மட்டும் செய்தால் அந்த வீட்டுக்கு ஓரளவு பலன். தெருவே சேர்ந்து செய்தால் அடுத்த ஆண்டே வித்தியாசம் தெரியும். குடியிருப்போர் சங்கம் இருக்கும் காலனிகள் இதைக் கையில் எடுக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

வேப்பம் புண்ணாக்கு பலன் தருமா?

தரும், நேரம் பார்த்துப் போட்டால். வேப்பங்கொட்டையில் இருக்கும் அசாடிராக்டின் என்ற கசப்புப் பொருள் இலையில் இருப்பதைவிட மிகச் செறிவானது. இளம் புழுவின் பசியைக் கெடுத்து, தோலுரித்து வளர்வதைத் தடுக்கும். வயலுக்கு ஏக்கருக்கு 100 கிலோ என்பது வழக்கமான அளவு, அதாவது சென்ட்டுக்கு 1 கிலோ. மே கடைசியிலிருந்து ஜூன் வரையில் பொடித்துத் தூவி, லேசாகக் கிளறித் தண்ணீர் பாய்ச்சுங்கள். காய்கறிப் பாத்தியில் நாற்று நடும் முன் அடியுரமாகவே கலந்துவிடலாம். செப்டம்பரில் கொழுத்துத் திரியும் புழுவை இது கொல்லும் என்று எதிர்பார்க்காதீர்கள். அப்போது அது வெறும் உரம்தான்.

எண்ணெய் முழுக்கப் பிழிந்து, வாடையே இல்லாத புண்ணாக்கை வாங்காதீர்கள். கையில் தேய்த்தால் கசப்பு வாடை நன்றாக வர வேண்டும்.

இலுப்பைப் புண்ணாக்கைப் பற்றியும் கேட்கிறார்கள். அதில் உள்ள சப்போனின் என்ற நுரைக்கும் பொருள் மண்புழுவை மேலே வரவைத்துக் கொல்லும், மீனுக்கும் நஞ்சு. மண்புழுவை இழந்து வேர்ப்புழுவை விரட்டுவது நஷ்டக் கணக்கு. தாமரைத் தொட்டியோ மீன் தொட்டியோ பக்கத்தில் இருந்தால் தொடவே வேண்டாம்.

மெட்டாரைசியம், பிவேரியா என்று உயிரியல் மருந்துக் கடைகளில் விற்கிறார்களே, அவை என்ன?

இரண்டும் பூச்சிகளைத் தாக்கும் பூஞ்சாணங்கள். மெட்டாரைசியம் வித்து புழுவின் தோலில் ஒட்டி முளைத்து உள்ளே புகும். புழு சில நாட்களில் சோர்ந்து இறந்து விறைத்துவிடும். பிறகு உடல் முழுக்க முதலில் வெள்ளையாகவும் பின்னர் கரும்பச்சையாகவும் பொடி பூக்கும். தோண்டும்போது பச்சைப் பூசணம் பூத்த விறைத்த புழு ஒன்று கிடைத்தால் மருந்து வேலை செய்கிறது என்று நிம்மதி அடையலாம். அதை எடுத்து எறியாமல் அங்கேயே புதைத்துவிடுங்கள், அதிலிருந்து வித்துகள் பரவும். பிவேரியா தாக்கினால் வெள்ளைப் பொடி பூக்கும். வேர்ப்புழுவுக்கு நான் மெட்டாரைசியத்தையே முதலில் சொல்வேன்.

இது உயிருள்ள பொருள், அதை மறந்தால் காசு வீண். பாக்கெட்டில் காலாவதித் தேதியைப் பாருங்கள். வெயிலில் வைத்து விற்கும் கடையில் வாங்காதீர்கள். நன்றாக மக்கிய தொழு உரத்தில் கலந்து, கையில் பிடித்தால் உருண்டையாக நிற்கும் அளவுக்கு ஈரம் தெளித்து, ஈரச் சாக்கால் மூடி ஒரு வாரம் நிழலில் வைத்தால் பூஞ்சாணம் பெருகும். அதைச் சாயங்காலத்தில் தூவித் தண்ணீர் விடுங்கள். அளவைப் பாக்கெட்டில் உள்ளபடி வைத்துக்கொள்ளலாம், சற்றுக் கூடினாலும் செடிக்குக் கெடுதல் இல்லை. மதுரையின் மே மாத வெயிலில் மேல்மண்ணில் வித்துகள் பிழைக்காது. ஜூனுக்குப் பிறகு மண் ஈரமாக இருக்கும் நாட்களைத் தேர்ந்தெடுங்கள். போட்ட முன்பின் வாரங்களில் அதே இடத்தில் பூஞ்சாணக் கொல்லி ஊற்றினால் இதுவும் சேர்ந்து செத்துப்போகும்.

பூச்சியைக் கொல்லும் நூற்புழு என்கிறார்கள். அதை விட்டால் மல்லிகை வேரையும் தின்றுவிடாதா?

பயப்பட வேண்டாம். வேரில் முடிச்சு போடும் நூற்புழு வேறு, இது வேறு. இது பூச்சியின் உடலுக்குள் மட்டுமே பெருகும். இதில் ஓரினம், ஹெட்டரோராப்டைட்டிஸ் இண்டிகா, 1992-ல் கோயம்புத்தூரிலிருந்து அறிவியல் உலகுக்கு அறிமுகமானது. நம் வெப்பத்துக்குப் பழகியது. கண்ணுக்குத் தெரியாத இந்த நூற்புழு வேர்ப்புழுவின் உடலுக்குள் நுழைந்து தன் வயிற்றில் சுமக்கும் பாக்டீரியாவை வெளியிடும். இரண்டு மூன்று நாட்களில் புழு இறந்து செங்கல் நிறமாகும்.

தண்ணீரில் கரைத்து, மாலை வெயில் தாழ்ந்த பிறகு, முன்பே நனைத்து வைத்த மண்ணில் பூவாளியால் ஊற்றுங்கள். ஊற்றியதும் மறுபடி ஒரு தடவை தண்ணீர் விட்டு வேர்ப்பகுதிக்கு இறக்குங்கள். அடுத்த இரண்டு வாரம் மண் காயக்கூடாது. சூரிய ஒளியும் வறட்சியும் இதற்கு எமன்.

அமெரிக்கக் காணொளிகளில் மில்கி ஸ்போர் என்ற பொடியைத் தூவுகிறார்கள். இங்கே கிடைக்குமா?

தேட வேண்டாம். அந்தப் பொடியில் இருக்கும் பாக்டீரியா ஜப்பானிய வண்டு என்ற ஒரே இனத்தின் புழுவைத் தாக்குவதற்காக வந்தது. அந்த வண்டு 1916-ல் அமெரிக்காவின் நியூஜெர்சியில் முதலில் காணப்பட்டு அங்கே பரவியது. நம் தோட்டத்துப் புழு வேறு இனம். அந்தக் காணொளிகளில் சொல்லும் மாதங்களும் பனிக்காலம் உள்ள ஊருக்கானவை, நமக்குப் பொருந்தாது.

பறவைகள் புல்லைக் கொத்திக் கிளறுகின்றன. விரட்டலாமா?

விரட்டாதீர்கள். மைனாவும் கொண்டலாத்தியும் ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பக் கொத்தினால் அங்கே புழு இருக்கிறது என்று அவை நமக்கு இலவசமாகச் சொல்கின்றன. கொண்டலாத்தி நீண்ட அலகை மண்ணுக்குள் முழுக்க விட்டுப் புழுவை உருவி எடுப்பதை நின்று பார்க்க வேண்டும், அவ்வளவு துல்லியம். பாத்தியைக் கொத்தும்போது காலையில் கொத்தி மண்ணைத் திறந்து போடுங்கள். காகமும் உண்ணிக்கொக்கும் மீதி வேலையைப் பார்த்துக்கொள்ளும். நாட்டுக்கோழி வைத்திருந்தால் நடவுக்கு முன் காலிப் பாத்தியில் மேயவிடலாம், புல்தரையில் விட்டால் புல்லையும் சேர்த்துச் சீய்த்துவிடும். நாகமலை, அழகர்கோவில் பக்கம் இரவில் பன்றி வந்து புல்தரையைப் புரட்டிப் போட்டிருந்தால் அடியில் புழு இருக்கிறதா என்று பாருங்கள்.

புல்லுக்கு மேல் ஒரு சாண் உயரத்தில் தாழ்வாக வட்டமிடும், மஞ்சள் பட்டை போட்ட கருங்குளவியைப் பார்த்தால் அடிக்காதீர்கள். அது மண்ணைத் துளைத்து இறங்கி, வேர்ப்புழுவைக் கொட்டி மயக்கி, அதன் மேல் முட்டையிடுகிறது. பொரிந்து வரும் குளவிக் குஞ்சுக்கு அந்தப் புழுதான் உணவு. நாமாகச் சீண்டாதவரை மனிதரைத் தொந்தரவு செய்வதில்லை.

சோப்புத் தண்ணீர், உப்பு, மண்ணெண்ணெய் ஊற்றலாமா?

கூடாது. சோப்புத் தண்ணீர் வேர்ப்புழு இருக்கும் ஆழத்தில் வேலை செய்வதில்லை. உப்பும் மண்ணெண்ணெயும் புழுவுக்கு முன்னால் மண்ணைக் கொன்றுவிடும்.

கடைக்காரர் குருணை மருந்து தருகிறார். ஒரே தடவை போட்டால் போதும் என்கிறார்.

முன்பு வேர்ப்புழுவுக்கு அதிகம் போட்ட போரேட் குருணைக்கு 2020 டிசம்பர் 31 முதல் நாட்டில் தடை இருக்கிறது. பழைய சரக்கை யாராவது நீட்டினால் வாங்காதீர்கள். குழந்தைகள் வெறுங்காலோடு விளையாடும், மைனா புழு பொறுக்கும் புல்தரையில் குருணை விஷத்தைக் கொட்டுவதற்கு எந்த நியாயமும் இல்லை. குருணையைத் தானியம் என்று கொத்தும் பறவை செத்துவிழும்.

மாடித் தோட்டத்துப் பைகளில் புழு எப்படி வந்தது?

சரியாக மக்காத சாணி எருவோடு வந்திருக்கும். செடி காரணமில்லாமல் வாடினால் பையைக் கவிழ்த்து மண்ணைச் சலியுங்கள், அரைமணி நேர வேலை. சித்திரை வெயிலில் பழைய மண்ணைத் தார்ப்பாயில் மெல்லிய அடுக்காகப் பரப்பி இரண்டு நாள் காயவிட்டால் புழுவும் முட்டையும் தப்பாது. எரு வாங்கும்போது கருப்பாக, உதிரியாக, சாண வாடை போனதாகப் பார்த்து வாங்கிச் சலித்த பிறகே பைக்குள் போடுங்கள்.

காய்கறி, நிலக்கடலை போடும் நிலத்தில் வேறென்ன செய்யலாம்?

கோடை உழவு. மழை கிடைத்ததும் ஆழ உழுது மண்ணைப் புரட்டினால் உள்ளே கிடக்கும் வண்டுகளும் கூட்டுப்புழுக்களும் வெயிலுக்கும் கொக்குக்கும் இரையாகும். தொடர்ந்து பாதிப்பு இருந்தால் புழுவை மண்ணோடு ஒரு டப்பாவில் போட்டு, யானைமலை அடிவாரத்தில் 1965 முதல் இயங்கும் வேளாண்மைக் கல்லூரியில் காட்டி ஆலோசனை கேளுங்கள். இனம் தெரிந்தால் வழி எளிது.

தண்ணீர் விடும் முறையால் புழுவைக் குறைக்க முடியுமா?

முடியும். ஜூனில் தெருவெல்லாம் காய்ந்து கிடக்கும்போது தினமும் நனையும் உங்கள் புல்தரை மட்டும் வண்டுக்கு ஈரமான பிரசவ அறை ஆகிவிடுகிறது. முட்டைக்கு ஈரம் வேண்டும். வண்டு நடமாட்டம் முடிந்த இரண்டு மூன்று வாரங்களுக்குத் தண்ணீரைக் குறைத்து மேல்மண்ணைக் காயவிடுங்கள். அருகம்புல் பழுத்துப்போய்ப் பிறகு தளிர்க்கும். மெக்சிகன் புல் அவ்வளவு தாங்காது, அதற்குத் தினமும் தெளிப்பதை நிறுத்தி வாரம் இருமுறை ஆழமாகப் பாய்ச்சுங்கள். புல்லை ஒட்ட வெட்டாமல் இரண்டு அங்குல உயரம் விட்டால் வேரும் ஆழமாக இறங்கும்.

புழு தின்ற இடத்தில் புல் மறுபடி வருமா?

வரும். செத்த புல்லை வாரிவிட்டு, மண்ணை ஒரு சாண் கொத்தி, கிடைக்கும் புழுக்களைப் பொறுக்குங்கள். மெட்டாரைசியம் கலந்த தொழு உரத்தைப் பரப்பிச் சமன் செய்யுங்கள். ஐப்பசி மழையில் அருகம்புல் தண்டுகளைக் கணுவோடு வெட்டி நாலு அங்குல இடைவெளியில் ஊன்றினால் மார்கழிக்குள் மூடிவிடும். கடையிலிருந்து புல் விரிப்பு வாங்குவதானால் சுருளைப் பிரித்து அடிமண்ணைப் பார்த்துவிட்டு இறக்கச் சொல்லுங்கள். ஒட்டுப்போட்ட இடத்தை வேரூன்றும் வரை யாரும் மிதிக்காமல் கயிறு கட்டி வையுங்கள்.